அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையைக் கடந்தால் வடக்கே வரிசையாகத் தெருக்கள் பிரியும். அவற்றில் ஒன்றின் பெயர் ஆங்கிலப் பலகைகளில் எப்போதும் ஒன்றுதான்: ஆர்மேனியன் ஸ்ட்ரீட். தமிழில் எழுதும்போது மட்டும் கைக்குக் கை மாறுகிறது. ஒரு கடைக்காரர் 'ஆர்மேனியன் தெரு' என்று எழுதியிருப்பார். பக்கத்துக் கடைக்காரர் 'அரண்மனைக்காரன் தெரு' என்று எழுதியிருப்பார். இருவர் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தியோடு போகிற அம்மாக்கள் ஆட்டோக்காரரிடம் சொல்வது இரண்டுமல்ல, 'அரமனக்காரன் தெரு'.

நான் அந்தத் தெருவைப் படமெடுக்கப் போனது இந்தப் பலகைகளுக்காகத்தான். கட்டடங்கள் பிறகுதான் கண்ணில் பட்டன. முதல் நாள், தேநீர்க் கடையில் நின்றபடி கடைக்காரரிடம் கேட்டேன்: "இங்க எந்த ராஜாவோட அரமனைண்ணே இருந்துச்சு?" அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "யாருக்குத் தெரியும் தம்பி. பேரு இருக்குதுன்னா ஒருகாலத்துல இருந்திருக்கும்ல?"

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அங்கே எந்த ராஜாவும் அரண்மனை கட்டவில்லை. ஆனாலும் அவர் யோசித்த முறை சரியானது. பெயர் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அது என்ன என்பதில்தான் பெயர் நம்மைத் திசை மாற்றிவிடுகிறது.

இருந்தவர்கள் ஆர்மேனியர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்ஃபா என்ற ஊரில் வாழ்ந்த ஆர்மேனியர்களை வலுக்கட்டாயமாகப் பெயர்த்துத் தன் தலைநகர் இஸ்ஃபஹானின் விளிம்பில் குடிவைத்தார். அந்தக் குடியிருப்புக்கும் ஜுல்ஃபா என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள், புதிய ஜுல்ஃபா. அங்கிருந்து பட்டும் மணியும் துணியுமாக அவர்கள் விரித்த வணிகவலை மேற்கே ஐரோப்பிய நகரங்கள் வரையும் கிழக்கே மணிலா வரையும் நீண்டது. அரசோ படையோ கோட்டையோ இல்லாமல், உறவையும் கடிதத்தையும் கணக்கேட்டையும் நம்பி நடந்த வணிகம் அது. சோழமண்டலக் கரையின் துணி அவர்களை இங்கே இழுத்தது. ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் ஆங்கிலேயர் நேராக வணிகம் செய்ய முடியாதிருந்த காலத்தில், சென்னைப் பட்டினத்துச் சரக்கு ஆர்மேனியர் பெயரில் அங்கே இறங்கியது. ஆங்கிலேயருக்கு அவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதற்கு இதுவே போதும்.

1688 ஜூன் மாதம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மேனியரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆர்மேனியர் தரப்பில் பேசியவர் கோஜா பனோஸ் கலந்தர். கம்பெனியின் ஊர் எதிலாவது 40 ஆர்மேனியர் குடியேறினால், அவர்களுக்குக் கோயில் கட்ட நிலம் தரப்படும். கம்பெனி தன் செலவில் மரத்தால் ஒரு கோயிலும் எழுப்பித் தரும். பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள் வருடம் 50 பவுன் கொடுக்கும். கோயிலைக் காட்டி வணிகரை அழைக்கும் இந்த உத்தி நம் ஊருக்குப் புதிதல்ல. கோயிலைச் சுற்றிக் கடைத்தெரு வளர்ந்த ஊர்கள் நம்மிடம் ஏராளம். சென்னையில் ஆர்மேனியரின் முதல் தேவாலயம் 1712இல் எழுந்தது. இப்போது தெருவில் நிற்கும் புனித மேரி தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது.

இந்த 60 ஆண்டு இடைவெளியில்தான் தெருவின் கதை இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியபோது, கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கரையும் ஆர்மேனியரையும் அவர்கள் நம்பவில்லை. வீடுகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். பிறகு 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்து வீடுகள் முற்றுகைக்காரருக்கு எவ்வளவு வசதியான மறைவிடம் என்பது தெரிந்தது. மிச்சமிருந்த வீடுகளையும் இடித்துத் திறந்தவெளியாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெளியில்தான். இதற்கு மேல் தெற்கே கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு தூண் இன்னும் நிற்கிறது. அந்த எல்லைக்கு வடக்கே முத்தியால்பேட்டையில் வளர்ந்த நகரத்தில் ஆர்மேனியர் தங்களுக்கு ஒரு தெருவை அமைத்துக்கொண்டார்கள்.

அதாவது, இந்தத் தெரு செல்வர்கள் தேர்ந்தெடுத்த இடம் மட்டுமல்ல. கோட்டைக்குள் வைத்துக்கொள்ள மனமில்லாமல் வெளியேற்றப்பட்டவர்கள் ஊன்றிக்கொண்ட இடமும்கூட. அடுத்த வாசல் இதையே சொல்கிறது. 1642இல் சென்னைக்கு வந்த எஃப்ராயிம் தெ நேவேர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கிய கப்புச்சின் சபையாரும் கோட்டைக்குள்ளிருந்த தங்கள் கோயிலை அதே காலகட்டத்தில் இழந்து இதே தெருவில்தான் நிலைகொண்டார்கள். இன்று புனித மேரி இணைப் பேராலயம் என்பது அதன் முறையான பெயர். ஆனால் செவ்வாய்க்கிழமை அங்கே கூடுகிற கூட்டத்துக்கு அது அந்தோணியார் கோயில். ஆர்மேனியக் கோயிலும் கத்தோலிக்கக் கோயிலும் மேரியின் பெயரிலேயே அக்கம்பக்கமாக நிற்பதற்கு இரு சபையாரையும் ஒரே சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒரு நிர்வாகம் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி படமெடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருவை எனக்குக் கற்பித்தது வெளிச்சம்தான்.

தெரு தெற்கு வடக்காக நீள்கிறது. இருபுறமும் மாடிகள் நெருக்கமாக எழுந்திருப்பதால் காலையில் வெயில் மேல்மாடிகளை மட்டும் தொடும். கீழே வெகுநேரம் நிழல்தான். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது பலகைகளின் மேல்விளிம்பு நிழல் எழுத்தின் மேலேயே வழிந்து எதையும் படிக்க முடியாமல் செய்துவிடும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, பாரிமுனைப் பக்கமிருந்து தெருவின் நீளத்துக்கு வெளிச்சம் அனுப்பும். அந்த ஒரு மாதத்தில், நண்பகலையொட்டிய சிறிது நேரத்துக்கு, தெருவின் இரண்டு பக்கங்களும் ஒருசேரத் தெளியும். என் உருப்படியான படங்கள் எல்லாம் மார்கழிப் படங்கள்.

ஆர்மேனியக் கோயிலுக்குள் இன்னொரு வகை வெளிச்சம் வேண்டும். கனத்த வாயிற்கதவைத் தாண்டினால் தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கி, மரங்களும் நடைபாதையுமாக ஒரு முற்றம் திறக்கும். நடைபாதை என்று நாம் காலை வைக்கும் இடமெல்லாம் கல்லறைகள். ஏறத்தாழ 350 ஆர்மேனியர்கள் அங்கே துயில்கிறார்கள். தரையோடு தரையாகப் பதித்த கற்களில் ஆர்மேனிய எழுத்துகள். இரண்டு நூற்றாண்டு மழையும் காலடியும் அவற்றைத் தேய்த்துவிட்டன. பகல் 11 மணிக்கு மேலிருந்து படமெடுத்தால் வெறும் கருங்கல் பாளம்தான் தெரியும். காலையில் கோயில் திறந்த உடனோ மாலை சாயும்போதோ, வெயில் கல்லை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் குனிந்தால், தேய்ந்த எழுத்தின் ஓரங்கள் மெல்லிய நிழலாக எழுந்து வரும். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஆண்டு எங்கே இருக்கிறது, சில கற்களில் செதுக்கிய சின்னங்கள் எவை என்பதைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

அந்தக் கற்களில் ஒன்று ஹாருத்யுன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாருடையது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்துக்காரர். 1794 அக்டோபரில், சென்னையிலிருந்து, 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் இதழ் அது. 1796 வரை 18 இதழ்கள் வெளிவந்தன. அச்செழுத்தும் அவரே வார்த்தார். ஒரு மொழியின் இதழியல் வரலாறு அம்மொழி பேசும் நாட்டில் தொடங்காமல், ஆயிரக்கணக்கான கல் தொலைவில், கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட நம் பேட்டையில் தொடங்கியது. 1824இல் அவர் இறந்தார். ஆர்மேனிய இதழியலைப் படிக்கிற எவரும் சென்னையின் பெயரைச் சொல்லாமல் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. சென்னையில் இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கல்லறை இருக்கும் இடம் காட்டப்பட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அவருக்கு முன்பே இங்கே ஓர் ஆர்மேனிய அச்சகம் இருந்தது. ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற பெருவணிகர் 1770களின் தொடக்கத்தில் நிறுவியது. இன்னும் பிறக்காத ஒரு சுதந்திர ஆர்மேனியாவுக்கு எப்படிப்பட்ட சட்டங்கள் இருக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் நூல் ஒன்று அந்த அச்சகத்திலிருந்து வந்தது. 'புகழின் கண்ணி' என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டு 1773. மன்னர்கள் மனம்போல ஆண்ட காலத்தில், நாடே இல்லாத ஒரு வணிகர், மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையைக் கனவு கண்டு அதைச் சென்னையில் அச்சுக்கோத்திருக்கிறார். நம் நகரத்தின் வரலாற்றில் இதற்கு இணையாக மனதைத் தொடும் செய்தி எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

கோயிலின் மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. மரப்படியேறிப் போனால் ஆறு மணிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ எடை. இரண்டில் லண்டனில் வார்த்த தாமஸ் மியர்ஸின் பெயரும் 1837 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். ஒரு மணி, 19 வயதில் இறந்துபோன ஒரு வணிகர் வீட்டுக் கடைசி மகனின் நினைவாக 1778இல் வந்தது. மற்றொன்று 1754ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1808இல் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். அந்த மணியில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. ஆர்மேனிய வழிபாட்டு மணியில் தமிழ் ஏன் வந்தது? வார்ப்பு வேலை செய்த கைகள் இந்த ஊர்க் கைகள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. மணி ஒலிக்கும்போது அதைக் கேட்டு வளர்ந்ததும் இந்த ஊர்க் காதுகள். காது என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெயருக்குத் திரும்பலாம்.

'ஆர்மேனியன்' என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் சரியாகச் சொல்லத் தெரியாமல் 'அரண்மனைக்காரன்' ஆக்கிவிட்டார்கள் என்பது சென்னையைப் பற்றிய பல நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. இதில் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, 'க்காரன்' என்ற ஈறு. ஆங்கிலச் சொல்லைக் காதில் வாங்கித் திரித்ததாக இருந்தால் 'அரண்மனைத் தெரு' என்று நின்றிருக்கும். தமிழ், ஊரின் பெயரோடும் மொழியின் பெயரோடும் தொழிலின் பெயரோடும் 'காரன்' சேர்த்து ஆளைக் குறிக்கும்: மதுரைக்காரன், தெலுங்குக்காரன், பால்காரன். இந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ் டவுனிலேயே பவழக்காரத் தெரு இருக்கிறது. பவழம் விற்றவர்கள் வாழ்ந்த தெரு. ஆகவே இங்கேயும் முதலில் ஒலித்தது ஆர்மேனிய நாட்டு ஆள் என்ற பொருளில்தான். அந்த நாட்டின் பெயரைத் தமிழ்க்காது எப்படிக் கேட்டது என்பதே கேள்வி.

இரண்டாவது காரணம் அதற்கு விடை தருகிறது. 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் ஆங்கிலம் கடைத்தெருவின் மொழி அல்ல. ஆர்க்காட்டு நவாபின் அரசாங்கம் பாரசீகத்தில் நடந்தது. ஆர்மேனியர்களே பாரசீகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் மிகப் புகழ்பெற்ற சென்னை வணிகர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான், 1726இல் அடையாற்றின்மேல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டி, அதன் கல்வெட்டை ஆர்மேனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் வெட்டிவைத்தார். பாரசீகத்தில் ஆர்மேனியருக்குப் பெயர் 'அர்மனி'. இந்தச் சொல்லைத்தான் நவாபின் ஆட்களும் முஸ்லிம் வணிகர்களும் சொல்லியிருப்பார்கள். 'அர்மனி'யோடு 'காரன்' சேரட்டும். அர்மனிக்காரன். மெய்யெழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் நடுவே உயிரைச் செருகிக்கொள்வது நம் பேச்சின் இயல்பு. 'கர்மம்' 'கருமம்' ஆவதுபோல. அரமனிக்காரன். அரண்மனையைப் பேச்சுவழக்கில் நாம் சொல்வது 'அரமனை'. இரண்டுக்கும் இடையில் ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு, பேச்சைத் திருத்தி எழுதப் பழகிய ஏதோ ஒரு கணக்கப்பிள்ளையின் கை, 'அரமனை'யை இலக்கணமாக 'அரண்மனை' என்று எழுதியிருக்கும். இது என் கணிப்பு. ஆனால் 'ஆர்மேனியன்' என்ற ஆங்கில ஒலியிலிருந்து அரண்மனைக்குப் போவதைவிட இந்த வழி குறுகியது. இடையில் எங்கும் தாவ வேண்டியதில்லை.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டாக்காவில் ஆர்மேனியர் வாழ்ந்த பகுதி இன்றும் 'அர்மானிடோலா'. வங்காளிகள் பாரசீகச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கல்கத்தாவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலப் பெயரோடு ஆர்மேனியன் தெருக்கள் இருக்கின்றன. சென்னைத் தமிழ்தான் அந்தச் சொல்லை உள்ளே எடுத்து, தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி, அதற்கு ஒரு பொருளும் கொடுத்தது. அந்தப் பொருள் பொருத்தமில்லாததும் அல்ல. உஸ்கான் பாலத்துக்கு 30,000 பகோடாப் பொற்காசு செலவழித்தவர். பரங்கிமலைக்கு ஏறப் படிக்கட்டுக் கட்டித் தந்தவர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சாய மறுத்துப் பெருஞ்சொத்தை இழந்தவர். அப்படிப்பட்டவர்கள் பெரிய வீடுகளில் வாழ்ந்த தெருவை 'அரமனைக்காரன் தெரு' என்று கேட்டவர் எவருக்கும் அது தவறாகத் தோன்றியிருக்காது. பொருள் ஒத்துப்போனதால்தான் ஒலி நிலைத்தது.

காது இழைத்த அநியாயங்களும் இந்த நகரத்தில் உண்டு. சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாக எழுதியவனாவேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஹாமில்டன் என்பவர் பெயரில் ஒரு பாலம் இருந்தது. 'ஹ' தமிழில் உதிர்ந்தது. ஹாமில்டன் 'அம்பட்டன்' ஆனார். பாலம் அம்பட்டன் வாராவதி ஆயிற்று. பிறகு ஆங்கிலேயர்களே அந்தத் தமிழ்ப் பெயரை மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதினார்கள். ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சனில் இதற்குத் தனிப்பதிவு உண்டு. அங்கே ஒரு சாதிப்பெயர் வரலாற்றுத் தொடர்பே இல்லாமல் பாலத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, தலைமுறை தலைமுறையாக ஏளனச் சிரிப்புக்கு இடம் கொடுத்தது. பின்னாளில் அந்தப் பாலத்துக்கு அம்பேத்கரின் பெயர் வந்தது. அந்த மாற்றம் முழுக்க நியாயமானது. உஸ்கானின் பாலமும் தன் பெயரை இழந்தது. மாம்பலத்தை ஐரோப்பியர் 'மார்மலாங்' என்று எழுதியதால் அது மார்மலாங் பாலம். 1960களில் புதிய பாலம் கட்டப்பட்டு மறைமலை அடிகளின் பெயரைப் பெற்றது. தமிழை அவர்கள் தவறாகக் கேட்டதும் அவர்களை நாம் தவறாகக் கேட்டதும் ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் நடந்தவை. முன்னதைப் பழைய எழுத்துவழக்கு என்றும் பின்னதைப் பாமரத் திரிபு என்றும் எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

பெயரை மாற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. பக்கத்திலேயே பிராட்வே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்பவர் ஒரு வடிகால் பள்ளத்தைத் தூர்த்து உண்டாக்கிய சாலை. 1928இல் சைமன் குழு எதிர்ப்பின்போது துப்பாக்கிகளுக்கு எதிரே நெஞ்சைக் காட்டி நின்ற தங்குதூரி பிரகாசத்தின் பெயர் இப்போது அதற்கு. அந்த எதிர்ப்பு நடந்த வட்டாரமே அதுதான். இடத்தோடு சேர்ந்த பெயர். எழுபதுகளின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பட்டங்களை நீக்க அரசு எடுத்த முடிவின் நோக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டு வெட்டியபோது லிங்கிச் செட்டித் தெரு லிங்கித் தெரு ஆயிற்று. டாக்டர் நாயர் சாலை வெறும் டாக்டர் சாலை ஆயிற்று. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி. எம். நாயரின் பெயரைத் தாங்கிய சாலை அது. ஒரு பெயரில் கை வைக்குமுன் அது எப்படி வந்தது என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அரண்மனைக்காரன் தெருவையும் திருத்த வேண்டும், 'ஆர்மேனியர் தெரு' என்று எழுதுவதே சரி என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படித் திருத்தினால் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்பது தெரியும். அவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவென்று அழைத்தார்கள் என்பது அழிந்துபோகும். ஆர்மேனியரைப் பற்றி ஒப்பந்தங்களும் கல்லறைகளும் நூல்களும் பேசுகின்றன. அந்தத் தெருவில் மூட்டை தூக்கியவர், தண்ணீர் கொண்டுவந்தவர், மணியை வார்த்தவர் ஆகியோரின் குரலுக்கு மிஞ்சியிருக்கிற ஆவணம் இந்தப் பெயர் ஒன்றுதான். இரண்டு பெயர்களும் பலகையில் இருக்கட்டும்.

தெருவில் வேறு பலவும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கச்சாலீசுவரர் கோயில் இருக்கிறது. பின்னி கம்பெனியின் அலுவலகம் நெடுங்காலம் இங்கேதான் இருந்தது. அன்னி பெசன்ட் 1914இல் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் கோகலே மண்டபம் இங்கே எழுந்தது. தன்னாட்சி இயக்கத்தின் சொற்பொழிவுகளும் அதன்பின் கச்சேரிகளும் அதன் சுவர்களுக்குள் ஒலித்தன. அண்மைக் காலத்தில் இடிக்கத் தொடங்கி, நீதிமன்றத் தடையால் பாதியில் நின்ற அந்த மண்டபத்தை நான் தெருவிலிருந்துதான் எடுத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் போவேன். கடைகள் மூடியிருக்கும், வண்டிகள் இருக்காது, கட்டடங்கள் முழுதாகத் தெரியும். அப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, 1850களின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் ஃபீபிக் எடுத்த சென்னைப் படங்கள் நினைவுக்கு வந்தன. தாள் நெகட்டிவ் வைத்து எடுத்த அந்தக் காலத்தில் லென்ஸ் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அசையாத கட்டடம் பதியும். நடந்து போனவர் பதிய மாட்டார். அதனால் அந்தப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடியிருக்கும். நகரமே காலியாக இருந்தது போலத் தோன்றும். ஃபீபிக்குக் கருவியின் எல்லை அது. எனக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், நானே அந்த மனிதர்களை அழித்துக்கொண்டிருந்தேன். பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களை விட்டுவிட்டுப் பெயரின் வரலாற்றைப் படமெடுப்பது பிழை என்று பட்டது. அதன்பிறகு திங்கட்கிழமைகளில் போகத் தொடங்கினேன்.

திங்கட்கிழமையில் நின்று எடுக்க இடம் கிடைக்காது. மீன்பாடி வண்டிகள் காகிதக் கட்டுகளோடு வரும். கறுப்புக் கோட்டோடு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு விரைவார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்கள் "ஓரம் ஓரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். முக்காலியை விட்டுவிட்டேன். கையில் பிடித்த கேமராவும் 35 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். பலகையைப் படமெடுக்கும்போது அதன்கீழே யாராவது நிற்கும்வரை காத்திருப்பேன்.

போன மார்கழியில் ஒரு நண்பகல். ஒரு வண்டியின் பக்கத்தில் இளைஞர் ஒருவர் சாக்கு மூட்டைகளின்மேல் பச்சை மார்க்கரால் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். வெளியூருக்குப் போகிற சரக்கு. அனுப்புநர் முகவரி ஒவ்வொன்றிலும் வேண்டும். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "மூட்டையத்தானே? எடுத்துக்குங்கண்ணே" என்று நகர்ந்து நின்றார். தெற்கிலிருந்து வந்த வெயில் சாக்கின் இழைகள்மேல் சாய்ந்து விழுந்தது. எட்டு மூட்டைகள். எட்டிலும் ஒரே கையெழுத்து. எந்தப் பலகையையும் பார்க்காமல், வாயில் வந்ததை அப்படியே எழுதியிருந்தார்: அரமனகாரன் தெரு, சென்னை 1.